ஓரம் அண்ணனும் கோயில் கதவும்

ஜோகூர் மாநிலத்தில் எதனுடைய நடுவையும் தொடாமலேயே முப்பது வயதைத் தாண்டிய மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் ஓரம் அண்ணன். மற்ற மாநிலங்களில் நான் விசாரிக்கவில்லை, தேவையும் இல்லை.

ரொட்டி சானாய் வந்தால் விளிம்பிலிருந்து பிய்த்துக்கொண்டே சுற்றி வருவார். முடிவில் தட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நடு மிஞ்சும். அதைத் தட்டோடு என் பக்கம் தள்ளிவிடுவார். வாழை இலைச் சாப்பாட்டில் இன்னும் மோசம். சோற்றுக் குன்றை நாலாபுறமும் குடைந்துகொண்டே வர, அது மெல்ல மெல்ல ஒரு தூணாகிவிடும். பரிமாறுகிறவர் குழம்பு வாளியோடு வந்து, இதற்கு எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் தூணையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்ப்பார். "ஓரமா ஊத்துங்க" என்பார் அண்ணன். பட்டப்பெயர் அங்கே ஒட்டிக்கொண்டது. உண்மைப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது. அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

தம்போயில் ஒரு டயர் கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். தொழிற்சாலை ஓவன்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிற சின்னக் கம்பெனி. பிஸ்கட் வேகவைக்கிற ஓவன், பெயின்ட் காய வைக்கிற ஓவன், பலகையை உலர்த்துகிற ஓவன் என்று சூடு எங்கே இருக்கிறதோ அங்கே எங்கள் பெட்டி ஒன்று சுவரில் தொங்கும். நான் பட்டம் வாங்கிய கையோடு அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு வாரத்தில் கம்பெனியையும் ஒரு மாதத்தில் நாட்டையும் திருத்திவிடலாம் என்ற திட்டத்தில் இருந்தேன். எனக்கு அடுத்த மேசையில் ஓரம் அண்ணன். மேசை சுவரோரம் இருந்தது என்று சொல்லத் தேவையில்லை.

வேலை நேரம் போக, பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். பல வருடங்களாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க ஆராய்ச்சி எதைப் பத்தி?" என்று முதல் நாளே கேட்டேன்.

"ஒரு கம்பி இருக்குன்னு வெச்சுக்க மா. நடுவுல கை வைக்கக் கூடாது. ரெண்டு முனையை மட்டும் சூடாக்கலாம், ஆற வைக்கலாம். அதை வெச்சே கம்பி முழுக்க நாம நெனைச்ச சூட்டைக் கொண்டு வரணும்."

"நடுவுல கை வெச்சா என்னா?"

"வெச்சா சுலபம்."

"அப்புறம் என்னா அண்ணே?"

"சுலபமா இருந்தா எதுக்கு மா பிஎச்டி?"

விஷயம் உண்மையிலேயே அழகானது. வாசகர்கள் பயப்பட வேண்டாம், ஒரே ஒரு பத்திதான். கம்பியில் ஒவ்வொரு புள்ளியும் தன் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அவற்றின் சராசரியைவிடத் தான் சூடாக இருந்தால் ஆறுகிறது. குறைவாக இருந்தால் சூடேறுகிறது. வெப்பச் சமன்பாடு என்று கணிதக்காரர்கள் மிரட்டுவது இவ்வளவுதான். இரும்பில் சூடு இப்படித்தான் பரவுகிறது. மரத்தில் ஈரமும், அலுவலகத்தில் சம்பால் வாசனையும் இப்படியேதான். முனையில் நாம் என்ன செய்தாலும் அது நடுவுக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். போகிற வழியில் கூர்மை மழுங்கிவிடும். ஆகவே நடுவில் என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, முனையில் இப்போதே நடந்துகொள்ள வேண்டும். இதற்குப் பெயர் எல்லைக் கட்டுப்பாடு. இதிலும் கஷ்டமான ரகம் ஒன்று உண்டு: தனக்குத்தானே சூடாகிக்கொண்டே போகும் கம்பி. விட்டுவிட்டால் கொதித்துவிடும். அதையும் முனையில் நின்றபடியே அடக்க வேண்டும். அண்ணனின் ஆராய்ச்சி அந்த ரகம்.

படிப்போடு நின்றிருந்தால் அவரைப் பற்றி நான் எழுதியிருக்க மாட்டேன். அவர் அதை வாழ்ந்தார்.

எங்கள் அலுவலகத்தில் ஏர்கோன் சண்டை தினசரி நடக்கும். கணக்குப் பிரிவு அக்காவுக்குக் குளிரும். ஸ்டோர் பையனுக்கு வேர்க்கும். ரிமோட் ஒரு நாளில் இருபது கை மாறும். அண்ணன் ரிமோட்டைத் தொடவே மாட்டார். மூன்று நாள் ஜன்னல் ஓரங்களைத் தடவிப் பார்த்தார். ஒரு திரையை இறக்கினார், கதவடி இடுக்கில் பழைய பேப்பரைச் சுருட்டி வைத்தார், படிக்கட்டுப் பக்கத்து ஜன்னலை இரண்டு விரல் திறந்துவிட்டார். அதோடு சண்டை நின்றது. அக்கா சால்வையைக் கழற்றினார். எங்கள் முதலாளி தௌகே ரிமோட்டைத் தேடிப் பார்த்து, அது மீன்தொட்டிக்குப் பின்னால் தூசி படிந்து கிடப்பதைக் கண்டு, ஏதோ தீய சக்தி நுழைந்துவிட்டதாகப் பயந்தார்.

லீவு வேண்டுமென்றால் நாமெல்லாம் தௌகேயிடம் போய்க் கேட்போம். அண்ணன் கீழே டயர் கடை வாசலில் நிற்கும் காவலரிடம் போய், "எங்கம்மாவுக்கு உடம்பு கொஞ்சம் சரியில்ல" என்று ஒரு வார்த்தை போடுவார். அது தேநீர் கொண்டுவருகிறவருக்குப் போய், அக்காவுக்குப் போய், பிற்பகலில் தௌகேயே மேசைக்கு வந்து, "நீ ஊருக்குப் போ லா, வேலை கிடக்கட்டும்" என்பார். செய்தி நடுவுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று அண்ணன் முன்னாலேயே கணக்குப் போட்டு, பையைக் கட்டித் தயாராக வைத்திருப்பார்.

ஒருமுறை பொந்தியானில் பெண் பார்க்கப் போனார். மாப்பிள்ளை நடு சோபாவில் உட்காரவில்லை. வாசல் நாற்காலியில் உட்கார்ந்து சுவர்களை நோட்டம் விட்டார். "மத்தியானம் வெயில் எந்தச் சுவருல அடிக்கும்?" என்று கேட்டார். பிறகு எழுந்துபோய்ச் சமையலறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பெண்ணின் அப்பா நெகிழ்ந்துவிட்டார். சம்பந்தம் கூடவில்லை. ஆனால் அடுத்த மாதம் அதே அப்பா, "தம்பி, எங்க தங்கச்சி புது வீடு வாங்குறாங்க, நீங்க வந்து வாஸ்து பார்த்துத் தரணும்" என்று போன் செய்தார். அண்ணன் போனார். மேற்குப் பக்கம் பந்தல் போடச் சொன்னார். அந்த வீடு இன்றைக்கும் குளுகுளுவென்று இருக்கிறதாம்.

இப்படிப்பட்டவரைத்தான் நான் என் மூவார் மாமாவிடம் அழைத்துக்கொண்டு போனேன்.

மாமா, அம்மாவின் தம்பி. மூவாரில் நாற்காலி, மேசை செய்கிற பட்டறை வைத்திருக்கிறார். அத்தைக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று மாமா ஒரு வேண்டுதல் வைத்தார். தம்போயில் எங்கள் குடும்பம் போகிற கோயிலைப் புதுப்பித்துக்கொண்டிருந்த நேரம் அது. அத்தை நல்லபடியாக வீடு திரும்பினால் கோயிலின் பெரிய வாசல் கதவைத் தன் கையால் செய்து தருவேன் என்று சொல்லிவிட்டார். அத்தை நல்லபடியாகத் திரும்பினார். கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது.

மெராந்தி மரம் வந்து இறங்கியது. நாலு விரல் தடிமன், தண்ணீர் சொட்டாத குறை. அவ்வளவு தடிமனில் மாமா அதுவரை காய வைத்ததே இல்லை. அவர் ஓவனில் வழக்கமாகப் போவது நாற்காலிக் கால்களுக்கான ரப்பர் மரம், மெல்லிசு. முதலில் ஒரு பலகையை மட்டும் போட்டு, வழக்கம்போலச் சூட்டை ஏற்றிக் காய வைத்தார். வெளியே பார்த்தால் பட்டுப்போல இருந்தது. நடுவில் அறுத்தால் உள்ளே தேன்கூடு. முழுக்க வெடிப்பு. மாமா ரம்பத்தை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். மிச்சமிருந்த பலகைகள் கதவுக்கு மட்டாக இருந்தன. இன்னொரு பலகை போனால் கதவு இல்லை. அந்த அளவில் வேறு மரம் வெட்டி வர, கும்பாபிஷேகம் முடிந்துவிடும்.

"காய வைக்காம அப்படியே போட்டா?" என்று கேட்டேன்.

"போட்டா கோயில்லயே காயும். காயும்போது முறுக்கிக்கும். சாமியை உள்ள வெச்சுக் கதவு மூட முடியாது, பாப்பா. எனக்கு வேண்டுதலா, இல்ல தலைமுறைக்கும் பேச்சா?"

நான் அண்ணனிடம் சொன்னேன். அவர் ரொட்டியின் நடுவை என் பக்கம் தள்ளிவிட்டு, "பலகை" என்றார். "ரெண்டு பக்கம் ஓரம். நடுவுல ஈரம். உள்ள கை வைக்க முடியாது. மா, இது என் கம்பிதான்."

அந்த வார இறுதியிலேயே கிளம்பினோம். தௌகே, "டெஸ்ட் பண்ணு, டெஸ்ட் பண்ணு" என்று ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியையும் கொடுத்து அனுப்பினார்.

மாமாவின் ஓவன் என்பது ஒரு பஸ் நிற்கிற அளவுக்கு ஓர் அறை. பின்னால் மரத்தூளை எரிக்கும் கொதிகலன். அதைப் பார்த்துக்கொள்கிறவர் பாக் டின். அண்ணன் அறைக்குள் நுழையவே இல்லை. வெளிச் சுவரைக் கையால் தடவிக்கொண்டே மூன்று முறை சுற்றி வந்தார். மாமா என் காதில், "நல்ல பையன் போல. பிரதட்சணம் பண்றான்" என்றார். மூன்றாவது சுற்றில் அண்ணன் கதவடியில் குனிந்து, "இங்க எலி போகுது" என்றார். பாக் டின் எட்டிப் பார்த்து, "அலமாக்!" என்றார். எலி போகிற ஓட்டைதான். அதன் வழியாக எத்தனையோ காலமாகச் சூடும் போய்க்கொண்டிருந்தது.

"தம்பி, உள்ள ஈரம் எவ்வளவுன்னு பார்க்க ஊசி மீட்டரு இருக்கு" என்றார் மாமா. "பலகை நடுவுல ரெண்டு ஓட்டை போட்டு அடிச்சு விட்டா நம்பரு காட்டும்."

"சாமி கதவுல ஓட்டை போடுவீங்களா மாமா?"

மாமா நாக்கைக் கடித்துக்கொண்டார். "அப்ப நடுவுல என்ன நடக்குதுன்னு எப்படித் தெரியும்?"

"ஓரத்தைக் கேட்டா சொல்லும்."

மாமா என்னைப் பார்த்தார். நான் கொதிகலனைப் பார்த்தேன்.

பலகையின் மேல்தோலில் சின்னச் சின்ன உணரிகளை ஒட்டினார் அண்ணன். அறைக்குள் சூட்டையும் ஈரத்தையும் கூட்டிக் குறைக்கிற வேலை பெட்டிக்கு. மேல்தோல் எவ்வளவு வேகமாகக் காய்கிறது என்பதை வைத்து, உள்ளே எவ்வளவு மிச்சம் என்று மடிக்கணினி கணக்குப் போடும். கூடவே, கதவுப் பலகையில் உயரத்துக்கு மேல் மிஞ்சிய முனையில் வெட்டிய ஒரு முழத் துண்டையும் உள்ளே வைத்தார். அதன் இரண்டு வெட்டு முனைகளுக்கும் கனமாகப் பெயின்ட் அடித்தார். அந்தப் பக்கமாக ஈரம் தப்பிக்காமல் இருந்தால்தான் சின்னத் துண்டும் நீளப் பலகை மாதிரியே காயுமாம். கடைசியில் அறுத்துப் பார்க்கப்போவது அதைத்தான். அது நன்றாக இருந்தால் கதவும் நன்றாக இருக்கும்.

"சரி, எப்ப காயும்?" என்றார் மாமா.

"உங்க நாற்காலிக் காலு இருக்கே, அதுபோல ரெண்டு மடங்கு தடிமன்னா நாலு மடங்கு நேரம். மூணு மடங்குன்னா ஒம்போது."

"யாரு வெச்ச சட்டம்?"

"மரம் வெச்ச சட்டம், மாமா."

கும்பாபிஷேகத்துக்கு முன்னால் முடியும். ஆனால் நெருக்கிப் பிடித்துத்தான் முடியும். நடுவில் எந்தத் தவறும் நடக்கக் கூடாது.

மதியம் அத்தை சாப்பாடு போட்டார். அண்ணன் வழக்கம்போலத் தூண் கட்டினார். அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் போனபோது அவர் தட்டில் மட்டும் சோறு வட்டமாகச் சுற்றியிருந்தது. நடுவில் குழி, குழியில் குழம்பு. எனக்குப் புரிய ஒரு வருடம் ஆன மனிதரை அத்தை ஒரே சாப்பாட்டில் புரிந்துகொண்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஞாயிறு காலை நானும் அண்ணனும் ஆற்றோரக் கடைக்குப் பசியாறப் போயிருந்தோம். திரும்பி வந்தால் பட்டறை வாசலில் ஒரு வேன். உள்ளே மணிச்சத்தம்.

கோயில் தலைவர் வந்திருந்தார். கூடவே கமிட்டி. தலைவர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, தம்போயில் லாரி கம்பெனி நடத்துகிறவர். சாமி காரியம் என்றால் முதல் ஆளாக நிற்பார். கதவு மரத்துக்குச் சூடம் காட்டாமல் விடுவாரா? ஓவன் கதவை விரியத் திறந்து, உள்ளே போய், தேங்காய் உடைத்து, மணியடித்துக்கொண்டிருந்தார்கள். வெந்நீர் ஆவி வெள்ளைப் புகையாக வாசல் வழியே புரண்டு புரண்டு வந்தது. அதன் நடுவே தலைவர் கண்ணீர் மல்க நின்று, "என்னா தெய்வீகம்!" என்றார்.

ஓரம் அண்ணன் ஓடி நான் பார்த்தது அன்றுதான். எல்லோரையும் வெளியே தள்ளி, கதவை இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு மூச்சு வாங்கினார்.

"பொருளாளரு எங்க?" என்றார் தலைவர்.

உள்ளேயிருந்து மணிச்சத்தம் கேட்டது.

அண்ணன் கதவை ஓரமாக ஒரு சாண் மட்டும் திறந்து, கையை விட்டு, வேட்டி முனையைப் பிடித்து, பொருளாளரை இழுத்தெடுத்தார். ஒரு நிமிஷத்துக்குள் மனிதர் இட்லி மாதிரி ஆகியிருந்தார். மணியை மட்டும் விடவில்லை.

பிறகு அண்ணன் மடிக்கணினியைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. நேராகப் போய்ச் சூட்டைக் குறைத்து, ஆவி வால்வை முழுதாகத் திறந்துவிட்டார்.

மாமாவுக்கு வந்ததே கோபம். "டேய், என்னா பண்ற? காய வைக்கச் சொன்னா குளிப்பாட்டுறியே!"

"மேல்தோலு திடீர்னு காஞ்சு சுருங்கிடுச்சு மாமா. உள்ள இன்னும் ஈரம். இப்ப சூடு ஏத்தினா வெளியே இறுகிப்போய் உள்ள கிழியும். தண்ணி குடுத்துத் தோலை இளக வைக்கணும்."

"நாளு இருக்கா? நாளு இருக்கான்னு கேட்கிறேன்! போன தடவை ஒரு பலகை போச்சு. இந்தத் தடவை மொத்தமும் போனா நான் கோயில் பக்கம் தலை காட்ட முடியுமா? தள்ளு, நான் பார்த்துக்கிறேன்!"

மாமாவின் கை சூடு ஏற்றுகிற குமிழின் மேல் இருந்தது. அண்ணன் தடுக்கவில்லை, அவரால் அப்படியெல்லாம் குறுக்கே பாய முடியாது. பெட்டிக்குப் பக்கத்தில் ஓரமாக நின்று, "வேணாம் மாமா" என்று மட்டும் சொன்னார். நான்தான் இந்த ஆளை அழைத்து வந்தவள். எனக்கு மூவார் ஆறு எந்தப் பக்கம் என்று தேடத் தோன்றியது.

அப்போது பட்டறை வாசலில் அத்தை குரல் கேட்டது. சத்தமாக எல்லாம் இல்லை.

"என் நெஞ்சைத் தொறந்து தைச்ச டாக்டரு, மறுநாளே எழுந்து ஓடுன்னா சொன்னாரு? அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்க? எவ்வளவு நாளு ஆனாலும் பரவாயில்ல, பொறுமையா பாருங்க டாக்டர்னு கையெடுத்துக் கும்பிட்டீங்க. மரத்துக்கு மட்டும் என்ன அவசரம்? கையை எடுங்க."

மாமா கையை எடுத்தார்.

அண்ணன் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார். "தானா சூடாகுற கம்பி சொன்னேன்ல மா? வாசல்ல நின்னே அடக்கிட்டாங்க பாரு. எனக்கு இதுக்கு எழுபது பக்கம் ஆச்சு."

பலகைகள் ஒரு வாரம் பின்னுக்குப் போயின. அதற்கு மேல் ஒரு நாள் போனாலும் கும்பாபிஷேகத்துக்குக் கதவு இல்லை. இந்த நிலையில் அடுத்த ஞாயிறு தலைவர் மறுபடி வந்தார். இந்த முறை வேனோடு ஒரு பஸ்ஸும் வந்தது. மரத்துக்குக் குறை ஏற்பட்டுவிட்டதால் பரிகாரப் பூஜையாம். அதையும் ஓவனுக்குள்தான் செய்ய வேண்டுமாம்.

மாமா தலையில் கை வைத்தார். அண்ணன் போய்த் தலைவருக்கு ஒரு நாற்காலி போட்டார்.

"தலைவரே, நீங்க தோட்டத்துல பொறந்தவரு. உங்க தோட்டத்துல முனியாண்டி சாமி எங்க இருந்தாரு?"

"எல்லையில. ரப்பர் மரம் ஆரம்பிக்கிற இடத்துல."

"லயத்து வீடுங்களுக்கு நடுவுல வைக்கலியா?"

"சே சே. காவல் தெய்வத்தை யாராச்சும் வீட்டுக்கு நடுவுல வைப்பாங்களா?"

"ஏன் தலைவரே?"

"என்னா தம்பி கேள்வி இது? எல்லையை ஒழுங்கா பார்த்துக்கிட்டா உள்ள எல்லாம் தானா ஒழுங்கா இருக்கும்!"

அண்ணன் கைகூப்பினார். "தலைவரே, அதான் என் பிஎச்டி."

தலைவர் ஓவன் கதவைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, "எல்லாரும் வெளியவே நில்லுங்க! இது எல்லைச்சாமி வேலை! எவனாச்சும் கதவைத் தொட்டீங்க, கை இருக்காது!" என்றார்.

பூஜை வெளியே நடந்தது. ஓவன் கதவுக்குச் சந்தனப் பொட்டு, மேலே வேப்பிலைத் தோரணம், கீழே எலி ஓட்டை அடைத்த இடத்தில் ஒரு எலுமிச்சம்பழம். அதற்கப்புறம் தலைவரைவிடக் கறாரான காவல்காரர் அந்தப் பட்டறைக்குக் கிடைத்ததில்லை. வாரம் தவறாமல் வந்து கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். மாமாவே பக்கத்தில் வந்தாலும், "அங்கேயே நில்லுங்க" என்பார். வாடிய எலுமிச்சம்பழத்தை மாற்றுவதற்கு நினைவூட்டுகிறவர் பாக் டின். "லிமாவ் சுடா கெரிங், தலைவா" என்று கொதிகலன் பக்கமிருந்து குரல் கொடுப்பார். பழம் காய்ந்துவிட்டதாம். "பழம் காயுது, மரம் காய மாட்டேங்குதே" என்று மாமா முணுமுணுப்பார்.

மரமும் காய்ந்தது. காய்ந்துவிட்டதாக மடிக்கணினி சொன்னது. உள்ளே வெடித்திருக்கிறதா என்று அது சொல்லாது.

துண்டை அறுக்கிற அன்று பட்டறையில் நாற்காலி வேலை எதுவும் நடக்கவில்லை. மாமா ரம்பத்தை ஓட விட்டார். அத்தை நெஞ்சில் கை வைத்தபடி நின்றார். தலைவர் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார். ஓரம் அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"அண்ணே, திரும்புங்க."

"நீ பார்த்துச் சொல்லு மா."

ரம்பம் துண்டின் நடுவில் இறங்கியது. சத்தம் ஏறி இறங்கி நின்றது. மாமா இரண்டு பாதிகளையும் எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பெருவிரலால் தடவினார். மூக்கில் வைத்து முகர்ந்தார். ஒரு பாதியை அத்தை கையில் கொடுத்துவிட்டு மறுபாதியைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எப்படி மா இருக்கு நடு?" என்றார் அண்ணன் சுவரிடம்.

"முடி அளவு கூட வெடிப்பு இல்ல அண்ணே."

"அப்ப சரி" என்றார். அப்போதும் திரும்பவில்லை. காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

கதவு கும்பாபிஷேகத்துக்கு முன்னே நிலையில் ஏறியது. மாமா பூவேலைப்பாடு எதையும் குறைக்கவில்லை. எத்தனை நாள் தூங்கினார் என்பதை அத்தை மட்டும் அறிவார். அன்றைக்குக் கூட்டம் நெரிந்தது. கலசத்திலிருந்து தண்ணீர் தெளித்தபோது எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். தலைவர் ஒலிபெருக்கியில் நன்றி சொன்னார். மாமாவுக்குச் சொன்னார், அத்தைக்குச் சொன்னார், "சூளைக் காவலில் உறுதுணையாக இருந்த" தனக்கும் ஒன்று சொல்லிக்கொண்டார். கடைசியில், "மூவாரிலிருந்து கதவு வரக் காரணமான வாஸ்து நிபுணர் தம்பி அவர்களுக்கும்" என்றார். பொந்தியானிலிருந்து செய்தி எப்படி இங்கே பரவியது என்று தெரியவில்லை.

நான் நிபுணரைத் தேடினேன். செருப்பு விடுகிற இடத்தருகே ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

கூட்டம் சாப்பாட்டுப் பந்தலுக்கு நகர்ந்தது. வாசல் காலியானது. அண்ணன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் படியேறி வந்தார். கதவின் ஓரத்தை விரலால் தடவினார், அது எதிர்பார்த்ததுதான். பிறகு கையை எடுத்தார். கொஞ்சம் யோசித்தார். உள்ளங்கையை விரித்து, கதவின் நடுவில், சரியாக நடுவில், மெல்ல வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பந்தல் மறைவில் நான் நின்றது அவருக்குத் தெரியாது.

முனைவர் பட்டம் கிடைத்தது. வேலையும் கிடைத்தது, ஐரோப்பாவில் பனி பெய்கிற ஒரு ஊரில். அங்கே கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றில் எதையோ ஓரத்திலிருந்து ஆற வைக்கிறார். போகிற நாளில் தௌகே கேக் வெட்டச் சொன்னார். அண்ணன் சுற்றி வெட்டினார். நடுத் துண்டு என் தட்டுக்கு வந்தது. இப்போது ரொட்டி சானாயை நானே முழுதாகச் சாப்பிடுகிறேன். நடுவில் முன்பிருந்த ருசி இல்லை. கடைக்காரர் மாவை மாற்றியிருக்கலாம்.

அவ்வப்போது போன் செய்வார். நலம் விசாரிக்க மாட்டார்.

"மழைக்காலமாச்சே. கதவு உப்புதா மா?"

"இல்ல அண்ணே. நல்லா மூடுது."

"ஓரத்துல பார்த்தியா?"

"பார்த்தேன்."

கோயிலுக்குப் போகும்போதெல்லாம் ஓரத்தைப் பார்க்கிறேன் என்பது உண்மைதான். பார்த்துவிட்டு, யாரும் கவனிக்காதபோது நடுவிலும் ஒரு தரம் கை வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். வேறொன்றும் இல்லை, சூடு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத்தான்.